ஸ்பீக்கரின் கழுத்து

வீட்டு ஸ்பீக்கரில் எது முக்கியம் என்று கேட்டால் எல்லோரும் கோன், காந்தம், வாட்ஸ் என்று அடுக்குவார்கள். இப்போது என்னைக் கேட்டால் ஒரே பதில்தான்: கழுத்து! ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு குட்டிப் பெட்டிகள். நடுவில், அவற்றைத் தனித்தனியே திருப்ப உதவும் ஓர் இணைப்பு. ஹோம் தியேட்டர் செட்டுகளில் பார்த்திருப்பீர்கள். என்னுடைய இடப்பக்க ஸ்பீக்கரில் அந்தக் கழுத்து முறிந்து, மேல் பெட்டி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று அதை ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. விட்ட இடத்தில் அசையாமல் நிற்கிறது. வாங்கிய புதிதில்கூட இப்படி நின்றதில்லை. இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்!

முதலில், அது ஏன் திரும்ப வேண்டும்? மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கனத்த நாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் காற்றில் அதன் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்தாலும் அது அறை முழுக்கப் பரவிவிடும். ஜால்ராவின் கிணுகிணுப்பு வேறு ரகம். 10,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர். இரண்டரை அங்குலக் கோனைவிட அது சிறியது. அதனால் கோன் பார்க்கும் திசையிலேயே நேராகப் போகிறது. பாடகரின் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளில் உள்ள கூர்மையும் இந்த மேல் வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெட்டி நம் காதைப் பார்க்காமல் திரைச்சீலையைப் பார்த்தால் அத்தனையும் துணிக்குப் போய்ச் சேரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய செட்டாக இருந்தாலும் இதுதான் கதி.

முறிந்த இடத்தைப் பார்த்தால் காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது. கீழ்ப் பெட்டியின் தலையிலிருந்து கிளம்பும் உள்துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் குழல், அதன்மேல் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்க ஒரு சர்க்லிப். குழலின் துளை வழியே வயர் மேலே போகிறது. குழல் பெட்டியோடு சேரும் மூலை கூர்மையானது. இழுவை எல்லாம் அந்த மூலையில்தான் குவியும். ஸ்பிரிங் ராப்பகலாக இழுத்துக்கொண்டே இருப்பதால் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இளகி, மயிரிழைக் கீறல் விழுந்து, ஒருநாள் பட்டென்று போகிறது.

பசை போட்டு ஒட்டச் சொல்லாத ஆள் இல்லை. சூப்பர் குளூ இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. அது நேர் இழுவையைத் தாங்கும். நெம்பினாலும் தட்டினாலும் விட்டுவிடும். போதாததற்குக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பூத்து அழகையும் கெடுக்கும். அரால்டைட் எவ்வளவோ தேவலை. ஆனால் ஒட்டக் கிடைக்கும் பரப்பு ஒரு மெல்லிய வளையம்தானே, அதை எதிர்த்து ஸ்பிரிங் ஓயாமல் இழுக்கிறதே! இங்கே இரும்பு வேண்டும், மரை வேண்டும். உள்ளே வயர் போக வழியும் வேண்டும்.

இந்த மூன்றும் சேர்ந்த ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது, அதுவும் விளக்குக் கடையில்! சரவிளக்குகளிலும் மேசை விளக்குகளிலும் ஹோல்டரைத் தாங்கி நிற்கும் மரை போட்ட குழாய். விட்டம் 10 மில்லிமீட்டர், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். “அண்ணே, உள்ளே ஓட்டை இருக்கிற போல்ட் வேணும்” என்று கேட்டேன். “லேம்ப் பைப்புன்னு கேளுங்க சார்” என்று கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். குட்டை, நெட்டை, பித்தளை, இரும்பு என்று குவியல்! அதற்கேற்ற மெல்லிய நட்டுகளும் கூடவே கிடைத்தன. வாழ்க, அந்தக் குழாயை முதலில் செய்தவர்!

வேலை என்னவோ சுலபம்தான். வலையைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுக்கும்போது கோனை ஓர் அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். காந்தம் திருப்புளியை இழுத்துக் கோனில் குத்த வைக்கும். முறிந்த குழலின் மிச்சத்தை அறுத்துச் சமமாக்கி, சிறிய துளையில் தொடங்கி 10 மில்லிமீட்டர் வரை பெருக்க வேண்டும். டிரில் மெதுவாகச் சுற்றட்டும், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகும். கீழ்ப் பெட்டியில் குழாயை உள்ளும் புறமும் அகலமான வாஷர், நட்டு போட்டு இறுக்கி, அரால்டைட் வைத்து ஒரு நாள் விட்டுவிட்டேன். வெளி நட்டின் மேல் ஒரு நைலான் வாஷர், அதன்மேல் மேல் பெட்டி, பெட்டிக்குள் இன்னொரு நைலான் வாஷர், வளைந்த ஸ்பிரிங் வாஷர், கடைசியாக இரண்டு நட்டுகள்.

அந்த இரண்டு நட்டுகளில்தான் இருக்கிறது சொர்க்கம்! முதல் நட்டைக் கால் சுற்று முறுக்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது. தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம். இறுக்கமானால் ஒரு பொட்டு பின்னால். கை சரி என்று சொன்னதும் இரண்டாவது நட்டை அதன்மேல் கொண்டுவந்து, ஒன்றை ஒன்று நெருக்கிப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் எத்தனை முறை திருப்பினாலும் கழலாது. அந்த வழவழப்புக்கு மயங்கி, பாட்டே போடாமல் சும்மா திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வயர் முறுக்கிக்கொள்ளாதபடி, முழுச் சுற்று சுற்றவிடாமல் தடுக்க ஒரு குட்டி ஸ்குரூ வைத்தேன். என்னுடையது மூடிய பெட்டி என்பதால் குழாயின் துளையை சிலிக்கானால் அடைத்தேன். புளிக்காடி வாசம் வரும் சிலிக்கான் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். மூடுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் வயர் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பார்க்க வேண்டும். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே எம்பும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் கீழ்ஸ்தாயி ஒன்றை ஒன்று தின்று காணாமல் போகும்.

பிறகு 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைப் போட்டேன். பெட்டியை மெல்ல என் பக்கம் திருப்பத் திருப்ப, வி. எஸ். நரசிம்மனின் வயலினில் வில் நரம்பைப் பற்றும் அந்த உரசல் தெளிந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் வயலின் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், டிவிக்கு மேலே, வெறும் காற்றில் வந்து நின்றது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்கச் சொன்னேன்.

வலப்பக்க ஸ்பீக்கர் இன்னும் உடையவில்லை. இருந்தாலும் அதற்கும் குழாய் வாங்கியாகிவிட்டது. உங்களிடம் இதுபோல ஒன்று பரணில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். குழாய் வாங்கும்போது நட்டைக் கடையிலேயே முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். சில குழாய்களில் மரை நசுங்கியிருக்கும்.