குலுக்கலில் விழும் உரிமை

தலையெழுத்து என்றனர், மறுத்தோம். முற்பிறவிப் பயன் என்றனர், நகைத்தோம். படிப்பு இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை எனப் பிறப்பைக் காட்டிப் பேசியோரின் வாயை அடைக்க நம் இயக்கம் எத்துணை மேடைகளில் முழங்கிற்று, எத்துணை ஏடுகளில் எழுதிற்று என்பதைத் தோழர்கள் அறிவர். அப்படிப்பட்ட தமிழ்நாட்டிலே, இன்று, ஏழை வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும் என்பதைக் குலுக்கிப் பார்த்து முடிவு செய்கின்றனர்! என்ன இது என்றால், கல்வி உரிமை என்கின்றனர்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை நாம் பழிக்க வரவில்லை. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் கல்வி தர முயல்வோம் என்று அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு 1950லேயே கூறிற்று. 1960இல் தீர்ந்திருக்க வேண்டிய கடன். அரை நூற்றாண்டு வட்டியில்லாமல் கிடந்து, பின்னர் சட்டமாயிற்று. அது வரட்டும். நாம் ஆராய்வது அச்சட்டத்தின் 12ஆம் பிரிவை.

தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அண்டையிலுள்ள நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். அதற்கான பணத்தை அரசு தரும். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, அல்லது அந்தப் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அது. மனுக்கள் மிகுந்தால் குலுக்கல். பெயர் விழுந்தவன் உரிமை பெற்றவன், விழாதவன்? அவனுக்கு அரசுப் பள்ளி இருக்கிறதே என்பர். அரசுப் பள்ளியை ஆறுதல் பரிசாக்கிய பெருமை இப்பிரிவுக்கே உரியது.

கீழ்பென்னாத்தூரை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள பேரூர். சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள். கார்த்திகைத் தீபத்துக்கு அவ்வழியே செல்லும் கூட்டத்தில், வழியிலுள்ள பள்ளிக்கூடத்தின் ஓட்டைப் பார்த்தவர் எத்துணைப் பேரோ! 25 விழுக்காட்டு இடத்துக்குப் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கே முதலிடம். தனியார் பள்ளி வருவாய் உள்ள இடத்தில்தானே கடை விரிக்கும்? வயலுக்கு நடுவே உள்ள குடியிருப்பில், சேரியில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றுதான் கைக்கெட்டும் பள்ளி. அங்குள்ள பிள்ளைக்கு இந்தக் குலுக்கலில் சீட்டே கிடையாது.

ஏழையும் செல்வனும் ஒரே பலகையில் அமர்வது சமத்துவமல்லவா என்று கேட்பர். நல்ல கேள்வி. 2012இல் உச்சநீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றது. ஆனால் 2014இல் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்றது. எஞ்சிய பள்ளிகளிலும் எத்துணை நாளைக்குச் சமத்துவம்? எட்டாம் வகுப்பு வரை! ஒன்பதாம் வகுப்பின் வாயிலில் அதே பிள்ளையிடம் கட்டணம் கேட்கப்படும். கூலிக்காரத் தந்தை அன்று எங்கே போவார்? அவரை நாம் குறை கூறோம். நல்ல பள்ளி என்று ஊரார் காட்டிய திசையில் அவர் பிள்ளையை அனுப்பினார்.

டில்லி நினைத்தால் இந்த உரிமையும் நின்றுவிடும் என்பதை 2025இல் கண்டோம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தமிழ்நாடு மறுத்ததற்காக 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தி வைத்தது ஒன்றிய அரசு. மும்மொழியைப் புகுத்த ஏழைப் பிள்ளையின் பலகையைப் பிடுங்கும் துணிவு! கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை, உயர்நீதிமன்றம் வரை வழக்குச் சென்று, அக்டோபரில்தான் தொடங்கிற்று.

கர்நாடகம் 2019இல் வேறு வழி கண்டது: அருகில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் இடம் இல்லை. மகாராட்டிரம் 2024இல் அவ்வாறே செய்ய முனைந்தபோது பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. அரசுப் பள்ளியை உயர்த்தாமல் தனியார் வாயிலை மட்டும் மூடுவதை நாமும் ஏற்கோம்.

செய்ய வேண்டியது கண்டறியப்படாத ஒன்றன்று. அண்டை வீட்டார் பிள்ளைகள் அனைவரும் பயிலும் பொதுப்பள்ளி முறையைக் கோத்தாரி குழு 1966இலேயே எழுதி வைத்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டது நீதிக்கட்சிக் காலம். 1954இல் அரைநாள் படிப்புத் திட்டத்தைக் கைவிட்டார் காமராசர். 2022இல் காலை உணவு வந்தது. இவை யாவும் பொதுப்பள்ளியின் வாயிலில் நடந்தவை. எவருக்கும் சீட்டுக் குலுக்கவில்லை. தனியார் கணக்கில் சேரும் பணம் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துத் தொடக்கப்பள்ளிக்கு வரட்டும்: வகுப்புக்கு ஓர் ஆசிரியர், தண்ணீர் வரும் கழிப்பறை, ஆங்கிலம் பிழையறக் கற்பிக்க ஆள். பிறகு பார்ப்போம், வரிசை எந்த வாயிலில் நிற்கிறதென்று.

தோழர்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். பொதுப்பள்ளியைப் போற்றி முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கும் நம்மவர் பிள்ளைகள் மறுநாள் காலை ஏறுவது எந்த வண்டியில்? அரசு ஊதியம் பெறுவோரும் மக்கள் பேராளரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளிக்கே அனுப்ப வகை செய்யுமாறு 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. உத்தரப்பிரதேசம் அதை நடைமுறைப்படுத்தவில்லை. தமிழ்நாட்டில் அப்படியொரு விதி வருமானால், முதலில் எதிர்த்து மனுப் போடுவோர் யார் யார் என்று பட்டியல் எடுக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.