ராஜா வீட்டுக் கல்யாணமும் தேசாபிமானமும்

இங்கிலாந்தில் ராஜ குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தால், அந்தத் தேசத்து ஜனங்களுக்குத் தேசாபிமானம் பொங்கி வழியும். யுத்தத்தில் வெற்றி கிடைத்த தினத்தில் பொங்கினால் அது இயற்கை. ஒரு வாலிபனுக்கும் ஒரு யுவதிக்கும் விவாகம் ஆவதில் தேசத்துக்கு என்ன பெருமை இருக்கிறது? அறிவாளிகள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கதை எழுதுகிறவனால் அப்படிப் போய்விட முடியாது. லட்சக்கணக்கான மனிதர்கள் உண்மையாகவே அனுபவிக்கிற ஓர் உணர்ச்சி, வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு அசட்டுத்தனமாகத் தோன்றினாலும் சரி, அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவன் தொழில்.

பார்ப்பதற்கு வசதியாக ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்ளலாம். 1863-ஆம் வருஷம் மார்ச் 10-ஆம் தேதி, விக்டோரியா மகாராணியின் மூத்த பிள்ளை எட்வர்டுக்கும் டென்மார்க் ராஜகுமாரி அலெக்ஸாண்ட்ராவுக்கும் வின்ஸர் கோட்டையிலுள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் விவாகம் நடந்தது. கணவரை இழந்து பதினைந்து மாதம்கூட முழுதாக நிரம்பாத மகாராணி, துக்க உடையுடன், உயரத்தில் ஒரு தனி மாடத்தில் ஒதுங்கி உட்கார்ந்து பார்த்தார். வீட்டுக்குள் துக்கம், வெளியிலோ கோலாகலம். மூன்று நாள் முன்னதாக மணப்பெண் கிரேவ்ஸெண்டில் கப்பலைவிட்டு இறங்கி லண்டன் வழியாக வந்தபோது தெருக்கள் கொள்ளாத கூட்டம். கல்யாணத்தன்று இரவு லண்டன் முழுவதும் தீபாலங்காரம்.

இந்த ஒரு கல்யாணம் மூன்று எழுத்தாளர்கள் கையில் அகப்பட்டது. ஒருவர் கவி, ஒருவர் பத்திரிகாசிரியர், ஒருவர் நாவலாசிரியர். மூவரில் யார் அந்த ஜனங்களின் பெருமையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

முதலாமவர் டென்னிஸன். 1850 முதல் அவர் ஆஸ்தான கவி. மணப்பெண்ணை வரவேற்று ஒரு கவிதை எழுதவேண்டியது அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்த காரியம், எழுதினார். கவிதை முழுவதும் கட்டளைகள்தாம். கோட்டைப் பீரங்கிகளுக்குக் கட்டளை, பூக்களுக்குக் கட்டளை, தேவாலய மணிகளுக்குக் கட்டளை, வாணங்களுக்குக் கட்டளை. ஓசை பிரமாதமாக இருக்கிறது. அதில் அவருக்கு நிகர் அவர்தான். மணப்பெண்ணை வரவேற்கிற உற்சாகத்தில் இங்கிலாந்து முழுவதையுமே டேனியர்களின் தேசமாக ஆக்கிவிடுகிறார். ஆனால் தெருவில் நிற்கிற ஒரு மனிதனின் முகம் அந்தக் கவிதையில் இல்லை. ஜனங்கள் அதில் ஒரு பெரிய சத்தமாக மட்டுமே இருக்கிறார்கள்.

அந்தச் சத்தத்தின் விலை என்ன என்பது அடுத்த வருஷமே தெரிந்துபோயிற்று. 1863 ஜூலையில் பிரதம மந்திரி பால்மர்ஸ்டன், டென்மார்க்கின்மேல் கை வைக்கிறவர்கள் டென்மார்க்கோடு மட்டும் மோதவேண்டியிராது என்ற அர்த்தத்தில் பார்லிமெண்டில் பேசினார். 1864 பிப்ரவரியில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் டென்மார்க்கின்மேல் படையெடுத்தன. இங்கிலாந்து அசையவில்லை. அக்டோபரில் டென்மார்க் தன் பிரஜைகள் வாழ்ந்த பிரதேசங்களைப் பறிகொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. விக்டோரியாவின் மூத்த மகளை 1858-ல் பிரஷ்ய ராஜகுமாரனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆக, யுத்தம் செய்த இரண்டு ராஜாக்களும் மகாராணிக்குச் சம்பந்திகள்! ஒருவர் மகளின் மாமனார். இன்னொருவர் மருமகளின் தகப்பனார். இரண்டு கல்யாணத்துக்கும் ஜனங்கள் கொடி பிடித்திருந்தார்கள்.

இங்கிலாந்து யுத்தத்தில் இறங்கியிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இறங்காததே புத்திசாலித்தனமாக இருக்கலாம். கவிதையின் குறை வேறு. ஒரு நாள் சந்தோஷத்தை அது ஒரு வாக்குறுதி மாதிரிப் பாடிவிட்டது. கூட்டம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணைப் பார்க்க வந்தது, பார்த்து மகிழ்ந்தது, வீட்டுக்குப் போயிற்று.

இரண்டாமவர் வால்ட்டர் பாஜட். "எகானமிஸ்ட்" பத்திரிகையின் ஆசிரியர். 1867-ல் புத்தகமாக வந்த "இங்கிலீஷ் அரசியலமைப்பு" என்ற நூலில், அந்தக் கல்யாணத்துக்கு ஜனங்கள் காட்டிய உற்சாகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ராஜ்ய காரியம் என்று பார்த்தால் அற்பமான விஷயம். அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் பிள்ளைத்தனம். ஆனாலும் மனித சுபாவம் அப்படித்தான் என்பது அவருடைய கட்சி. சிங்காதனத்தில் ஒரு குடும்பம் இருந்தால், ராஜ்யம் என்ற பெரிய விஷயம் சாதாரண ஜனங்களுடைய வாழ்க்கையின் அளவுக்கு இறங்கி வந்துவிடுகிறது என்கிறார். மந்திரிசபை மாறுவது யாருக்கும் மனத்தில் படியாது, கல்யாணம் படியும். அரசாங்கத்துக்கு அலங்காரமான பகுதி ஒன்று, காரியம் பார்க்கும் பகுதி ஒன்று. ஜனங்கள் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காரியம் ஓசைப்படாமல் நடந்துவிடும். இதுதான் அவருடைய சித்தாந்தத்தின் சாரம்.

எவ்வளவு கூர்மையான புத்தி! இன்றைக்கும் ராஜ குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ பாஜட்டைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். ஆனால் அவரைப் படிக்கிறபோது எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தப் பெருமை எப்போதும் மற்றவர்களுடையது, அவருடையது அன்று. கல்யாணத்தில் அக்கறை பெண்களுக்குத்தான், மந்திரிசபையில் அல்ல என்று சொல்லும்போது அந்தத் தொனி இன்னும் பச்சையாகத் தெரிகிறது. பசியைப் பற்றிச் சாப்பிட்டு முடித்தவர் விளக்கம் சொல்வது போல இருக்கிறது. விளக்கம் சரிதான், பசி எப்படி இருக்கும் என்பது மட்டும் அதில் இல்லை.

மூன்றாமவர் தாமஸ் ஹார்டி. 1863-ல் அவர் நாவலாசிரியர் அல்லர். டார்செட் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது வாலிபர். கல்யாண இரவு தீபாலங்காரம் பார்க்கப் போனார். பாண்டு தெருக் கோடியில் நெரிசலில் அகப்பட்டுக்கொண்டார். சட்டைமேல் போட்டிருந்த வெயிஸ்ட்கோட்டின் பொத்தான்கள் பிய்ந்துபோயின. விலா எலும்பு வளைந்துவிடும்போல ஆயிற்று. எப்படியோ ஒரு வாசற்படியில் ஒதுங்கித் தப்பினார். அவருக்குத் தெரிந்த இருவர் நகரத்தின் வேறொரு பகுதியில் இதைவிட மோசமான நெரிசலில் சிக்கினார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஆறு பேர் மிதிபட்டு இறந்தார்கள். பிற்காலத்தில் மனைவியின் பெயரில் வெளிவந்த ஹார்டியின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது.

இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு, 1886-ல், "காஸ்டர்பிரிட்ஜ் மேயர்" நாவல் வெளிவந்தது. அதில் ராஜ குடும்பத்துக் கல்யாணம் வரவில்லை. ராஜ குடும்பத்துப் பெரிய மனிதர் ஒருவர் அந்தச் சிறிய ஊர் வழியாகப் போகிறார், அவ்வளவுதான். ஊரே விழாக் கோலம் பூணுகிறது. கதாநாயகன் ஹென்சார்டு ஒரு காலத்தில் அந்த ஊர் மேயராக இருந்தவன். இப்போது எல்லாம் போய்விட்டது. அவனிடம் வேலை பார்த்த பார்ஃப்ரே இப்போது மேயர். வரவேற்பில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஹென்சார்டு நகரசபையைக் கேட்கிறான். மறுத்துவிடுகிறார்கள். குறித்த நாளில், குடித்துவிட்டு, நைந்துபோன பழைய உடையோடு, சின்னக் குச்சியில் கட்டிய தேசக் கொடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறான். ராஜ குடும்பத்தவரின் வண்டி அருகே போய்க் கொடியை ஆட்டிக்கொண்டே கையை நீட்டுகிறான். கை குலுக்கவேண்டும்! பார்ஃப்ரே அவனைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்துகிறான்.

நான் படித்த நாவல்களில், தேசாபிமானம் என்பதை இவ்வளவு வலியோடு காட்டிய பக்கங்கள் குறைவு. ஹென்சார்டு பைத்தியக்காரன் அல்லன், வேஷக்காரனும் அல்லன். கொடியின்மேல் அவனுக்குள்ள அபிமானம் நிஜம். ஆனால் அந்த அபிமானத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. "நானும் இந்த ஊர்க்காரன், என்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற மன்றாட்டு அது. கொடி ஆட்டுகிற ஒவ்வொரு கைக்குள்ளும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. மற்றவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டுகிறார்கள்; இவன் கயிற்றைத் தாண்டிவிட்டான். வித்தியாசம் அவ்வளவுதான். டென்னிஸன் சத்தத்தைக் கேட்டார். பாஜட் காரணத்தைக் கண்டார். ஹார்டிக்குத்தான் விலா எலும்பில் வலித்திருக்கிறது.

ராஜா வீட்டுக் கல்யாணத்தில் ஜனங்கள் அடைகிற பெருமையை, நம் பாஷையில் சொன்னால், உறவுமுறை கொண்டாடுவது என்று சொல்லலாம். "நம் வீட்டுக் கல்யாணம்" என்கிறார்கள். அந்த வீட்டாருக்கு இவர்களைத் தெரியாது. ஒரு பக்கத்து உறவு. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஒரு பக்கத்து உறவிலும் ஜனங்கள் முறை தவறுவதில்லை என்பதற்கு 1947 சாட்சி.

அந்த வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி எலிஸபெத் ராஜகுமாரிக்கும் பிலிப்புக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் விவாகம். யுத்தத்தில் ஜெயித்தும் இங்கிலாந்து ஓட்டாண்டியாகியிருந்த சமயம். துணிக்கு ரேஷன். ராஜகுமாரியும் கூப்பன் கொடுத்துத்தான் கல்யாண உடைக்குத் துணி வாங்கவேண்டும். சர்க்கார் 200 கூப்பன்கள் கூடுதலாக அனுமதித்தது. செய்தி கேட்ட பெண்கள் தங்கள் பங்குக் கூப்பன்களைத் தபாலில் அரண்மனைக்கு அனுப்பிவைத்தார்கள். ஒருவர் கூப்பனை மற்றொருவர் உபயோகிப்பது சட்ட விரோதம். ஆகவே அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன.

திரும்பி வந்த அந்த உறைகளை நினைத்துப் பார்க்கிறேன். அனுப்பியவளுக்கும் ஒரு மாற்றுப் பாவாடைக்கோ குழந்தையின் குளிர் கோட்டுக்கோ அந்தக் கூப்பன் தேவைப்பட்டிருக்கும். தன் வீட்டுப் பஞ்சத்திலிருந்து பிய்த்து அரண்மனைக்கு மொய் எழுதியிருக்கிறாள். வெறும் அசட்டுத்தனம் இப்படிக் கொடுக்காது. இங்கே தேசாபிமானம் சத்தம் போடவில்லை. ஒரு தபால் தலை ஒட்டிக்கொண்டு மௌனமாகப் போயிற்று. இதைப் பாட ஒரு டென்னிஸன் போதாது. விளக்க ஒரு பாஜட் போதாது.

அதே கல்யாணத்துக்கு நம் தேசத்திலிருந்தும் ஒரு மொய் போயிற்று. இந்தியா சுதந்திரம் அடைந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காந்திஜி தம் கையால் நூற்ற நூலில் பின்னிய பருத்தி லேஸ் துணி ஒன்றை அனுப்பினார். அதன் நடுவில் "ஜெய் ஹிந்த்" என்ற வார்த்தைகள் பின்னப்பட்டிருந்தன. வந்து குவிந்த 2,500 பரிசுகளோடு அதுவும் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மணப்பெண்ணின் பாட்டியார் மேரி ராணி அதை இடுப்புத் துணி என்று எண்ணி முகம் சுளித்தார் என்று மவுண்ட்பேட்டன் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

ஹென்சார்டின் கொடியையும் இந்தத் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தேசாபிமானம் இருக்கிறது. இரண்டும் அரண்மனைக்கு முன்னே நீட்டப்பட்டவை. ஒன்று "என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுகிறது. மற்றொன்று எதையும் கேட்கவில்லை. நேற்றுவரை ஆண்டவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு, பகை பாராட்டாமல், தன் பெயரையும் மறைக்காமல் ஆசீர்வாதம் செய்கிறது. கல்யாணம் அவர்களுடையது, கௌரவம் நம்முடையது.

1981-ல் சார்லஸ், டயானா கல்யாணத்தை உலகத்தில் 75 கோடிப் பேர் டெலிவிஷனில் பார்த்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். 2011-ல் வில்லியம், கேத்தரின் கல்யாணத்தை நம் ஊர்க் கூடங்களிலும் காபி குடித்துக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் பொத்தான் பிய்வதில்லை; கூப்பனும் செலவில்லை. பெருமை மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் அவ்வளவு பேரிலும் ஒரு ஹென்சார்டு இருப்பான். கூப்பன் அனுப்புகிற ஒருத்தி இருப்பாள். இந்த விஷயத்தை இனி எழுதப்போகிற நாவலாசிரியன் தேவாலயத்துக்குள் இடம் கேட்கவேண்டாம். கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கட்டும். அவனுடைய பாத்திரங்கள் அங்கேதான் நிற்கிறார்கள்.