நிழலின் பெயர்

பதின்பருவத்துப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் மாயப் புனைவுகளும் திகில் புதினங்களும் பெற்றோர் பலருக்குக் கவலை அளிக்கின்றன. மண்டையோடும் மந்திரக்கோலும் பொறித்த அட்டைப்படத்தைக் கண்ட மாத்திரத்தில், "இதையெல்லாம் பிள்ளை படிக்கலாமா, சாமி?" என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. குறிகேட்டலையும் மாந்திரீகத்தையும் இணைச்சட்ட நூலின் 18ஆம் அதிகாரம் கண்டிப்புடன் விலக்குகிறது. இதே கவலையால், அமெரிக்காவில் 1990களில் சில திகில் தொடர்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றுமாறு பெற்றோர் முறையிட்டதும் உண்டு. ஆயினும், ஒரு கதையில் மந்திரம் இடம்பெறுவது வேறு. மந்திரத்தை நாடுமாறு அக்கதை வாசகனைத் தூண்டுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அச்சத்தைப் பிள்ளைகளுக்குப் புத்தகங்கள் புதிதாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. தாயின் நோய், தந்தையின் குடி, உடலில் நேரும் மாற்றங்கள், தன் உள்ளத்திலேயே எழுந்து தன்னைத் திடுக்கிடச் செய்யும் எண்ணங்கள் என அது முன்னரே அவர்களோடு குடியிருக்கிறது. உருவமற்ற அந்த அச்சத்திற்கு நல்ல கதை ஓர் உருவத்தைக் கொடுக்கிறது. உருவம் பெற்றதை எதிர்த்து நிற்க முடிகிறது. கத்தோலிக்கரான ஜே. ஆர். ஆர். டோல்கியன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மாயக்கதைகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அக்கதைகளைக் குழந்தைகளுக்கு மட்டும் உரியவை என்று தள்ளிவிடலாகாது என்பது அவர் வாதம். சிறைப்பட்டவன் வீடு திரும்ப ஏங்குவதையும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றெனக் கருதக்கூடாது என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார்.

ஆகவே, 'கதையில் பேய் வருகிறதா?' என்று கேட்பதால் அதிகப் பயன் இல்லை. அந்தக் கதையில் வரும் இருள் யாருடையது, அதன் பெயர் என்ன என்று கேட்டுப் பார்ப்போம். மூன்று நூல்களை இவ்வளவுகோலால் நோக்கலாம்.

கழற்ற இயலாத முகமூடி

அமெரிக்க எழுத்தாளர் ஆர். எல். ஸ்டைன் 1992இல் தொடங்கிய 'கூஸ்பம்ப்ஸ்' வரிசையில் 1997க்குள் 62 நூல்கள் வெளிவந்தன. நம் நாட்டு ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் பலரும் இவற்றை அறிவர். இவற்றின் உத்தி எளியது. ஓர் இயலின் முடிவில் இருட்டில் ஏதோ ஒரு கை தோளைப் பற்றும்; அடுத்த இயலின் தொடக்கத்தில் அது தம்பியின் குறும்பு என்று தெரியவரும். அச்சம் எழுகிறது, உடனே கலைகிறது. திருவிழாவில் ராட்டினம் ஏறி இறங்குவது போன்ற இன்பம் இது. இதனால் தீங்கில்லை, எனினும் ராட்டினத்திலிருந்து இறங்கியவன் எங்கும் சென்று சேர்ந்தவன் அல்லன்.

இவ்வரிசையில் 1993இல் வந்த 'தி ஹான்டெட் மாஸ்க்' சற்று வேறுபட்டது. கார்லி பெத் என்னும் சிறுமி எளிதில் அஞ்சுபவள். பள்ளித் தோழர்கள் அவளை அச்சுறுத்திச் சிரிப்பதே வழக்கம். அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய இரவில் மேலைநாட்டுப் பிள்ளைகள் மாறுவேடம் பூண்டு வீடு வீடாகச் செல்வர். அன்று தன்னை அழவைத்தவர்களைத் தான் அலறவைக்க வேண்டும் என்னும் வேகத்தில், அவள் கோரமான ஒரு முகமூடியை வாங்கி அணிகிறாள். குரல் மாறுகிறது, உள்ளத்தில் கொடூரம் புகுகிறது. கழற்ற முயலும்போது முகமூடியின் விளிம்பு அவள் விரலுக்கு அகப்படவில்லை. அது தோலாகிவிட்டது. அன்பின் அடையாளம் ஒன்றினால் மட்டுமே அதனை அகற்ற முடியும் என அறிகிறாள். தன் தாய் தன் முகத்தைப் போலவே வடித்துத் தந்த சிலை அவளுக்கு நினைவுக்கு வருகிறது. அதைக் காட்டித்தான் மற்றவர்களை அவள் முன்பு பயமுறுத்தினாள்!

பழிவாங்கும் ஆசை நம் முகமாகவே ஒட்டிக்கொள்ளும் என்பதையும், நம் உண்மை முகத்தை நமக்கு முன்னரே அறிந்து வைத்திருக்கும் அன்பு ஒன்றே நம்மை மீட்கும் என்பதையும், இவ்வளவு எளிதாகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உணர்த்துவது சிறு காரியமன்று. ஆனால் ஆசிரியர் தம் உத்தியை விடுவதில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் தம்பி அதே முகமூடியை அணிந்து வந்து நிற்கிறான். ஒரு சிறுமியின் உள்ளத்தினுடையதாக இருந்த இருள், மீண்டும் ஒரு கடைச்சரக்கின் தந்திரமாகிவிடுகிறது. கண்டடைந்த உண்மையை ஓர் அதிர்ச்சிக்காக ஆசிரியர் விற்றுவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

துரத்துவது யார்?

ஊர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்சீ' அத்தகைய சமரசம் செய்யாத நூல். தீவுகள் நிறைந்த ஒரு கற்பனை உலகில் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட். தாயற்றவன், பேராற்றல் உடையவன், செருக்கு மிக்கவன். ஓஜியன் என்னும் மூதறிஞர் அவனுக்கு மௌனத்தையும் பொறுமையையும் கற்பிக்க விழைகிறார். அவனோ ஆற்றலை விரைந்து பெறும் ஆசையால் அவரைவிட்டு மந்திரக் கல்விச்சாலைக்குச் செல்கிறான். அங்கே ஜாஸ்பர் என்னும் உயர்குடி மாணவனின் ஏளனம் பொறாது, தன் திறமையை நிலைநாட்ட இறந்தோரின் ஆவியை அழைக்கிறான். பிளந்த இருளிலிருந்து பெயரற்ற ஒரு நிழல் பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அப்பிளவை மூடுவதற்குத் தம் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு முதுபெரும் தலைவர் உயிர் துறக்கிறார். ஓர் இளைஞனின் வீம்புக்கு வேறொருவர் தம் உயிரால் விலை கொடுக்கிறார்.

இந்நூலில் மந்திரம் என்பது பொருள்களின் உண்மைப் பெயரை அறிதல். எந்தச் செயலும் உலகின் சமநிலையைத் தொடுகிறது. எனவே அறிந்தவன் தேவையின்றி எதையும் செய்யான். குறுக்குவழியில் ஆற்றல் தேடுவோரைக் கவரும் கதை இதுவன்று. அத்தகையோருக்கு எதிரான எச்சரிக்கை என்றே இதனைக் கொள்ளலாம்.

கெட் தீவு தீவாக ஓடுகிறான். நிழல் அவன் பெயரை அறிந்து துரத்துகிறது. களைத்துத் திரும்பி வந்தவனிடம் ஓஜியன் கூறும் அறிவுரை ஒன்றே: ஓடாதே, திரும்பி நில், உன்னை வேட்டையாடுவதை நீ தேடிச் செல். வெட்ச் என்னும் நண்பனோடு கடலின் கீழ்த்திசை எல்லைக்கு அப்பால் சென்று அந்நிழலைச் சந்திக்கிறான். நெருங்குகையில் அது தன் தந்தையின் தோற்றம் கொள்கிறது. பிறகு ஜாஸ்பரின் தோற்றம் கொள்கிறது. இறுதியில் கெட் அதன் பெயரை உச்சரிக்கிறான். அது அவனுடைய சொந்தப் பெயர்.

நிழல் முதலில் பிறருடைய முகங்களை அணிந்து வருவதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் நோயோ கடனோ வந்தால், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அடுத்த வீட்டை நோக்கி விரல் நீட்டுவோர் கிறிஸ்தவர்களிடையேயும் இல்லாமல் இல்லை. தந்தை சரியில்லை, ஆசிரியர் சரியில்லை, அவன் என்னைச் சீண்டினான் என்று இளைஞர் கூறுவதும் அதே மனநிலையின் இன்னொரு வடிவமே. அவற்றில் உண்மை இருக்கலாம்; கெட்டையும் ஜாஸ்பர் சீண்டத்தான் செய்தான். ஆனால் அந்த முகங்களைக் கடந்து தன் பெயரைச் சொல்லும் வரை விடுதலை இல்லை.

தொடக்கநூலில் யாக்கோபின் வரலாறு இதற்கு ஒப்பாக நினைவுக்கு வருகிறது. பார்வை மங்கிய தந்தை ஈசாக்கு 'நீ யார்?' என்று வினவியபோது, ஆசி பெறும் பொருட்டு அண்ணன் பெயரைச் சொன்னவன் அவன். பல ஆண்டுகள் கழித்து, ஆற்றங்கரையில் இரவெல்லாம் அவனோடு மற்போரிட்டவர் அவனுடைய பெயரைக் கேட்கிறார். அப்போதுதான் அவன் 'யாக்கோபு' என்கிறான். ஆசி அப்போதே கிடைக்கிறது, நொண்டும் காலோடு. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் செய்வதும் இதுவன்றோ? இந்தப் பாவம் என் பெயருக்கு உரியது என்று கூறுவதே அதன் தொடக்கம்.

மரம் கேட்ட கதை

மூன்றாம் நூல் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. ஷிவோன் டௌட் என்னும் எழுத்தாளர் இதன் கருவை உருவாக்கி, எழுதி முடிக்கும் முன்னரே 2007இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அக்கருவைக் கொண்டு பாட்ரிக் நெஸ் எழுத, ஜிம் கே படங்கள் வரைய, நூல் 2011இல் வெளிவந்தது. இளையோர் இலக்கியத்திற்கான கார்னகி பதக்கத்தையும், நூலோவியத்திற்கான கேட் கிரீனவே பதக்கத்தையும் 2012இல் ஒருங்கே பெற்றது.

பதின்மூன்று வயதுச் சிறுவன் கோனர். தாய் புற்றுநோயால் நலிந்து வருகிறாள். வீட்டிற்குப் பின்னால் மேட்டில் ஒரு கோயிலும் கல்லறைத் தோட்டமும், அதன் நடுவே 'யூ' என்னும் முதிய ஊசியிலை மரமும் உள்ளன. இரவு 12 மணி 7 நிமிடத்திற்கு அம்மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதைகளைத் தான் சொல்வதாகவும், நான்காவதைக் கோனரே சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. அந்த நான்காவது கதை உண்மையாக இருத்தல் வேண்டும்.

அவன் மறைத்து வைத்த உண்மை எது? மலைச்சரிவில் தாயின் கையைப் பற்றிக்கொண்டு நிற்பதாகவும், அக்கையைத் தான் விட்டுவிடுவதாகவும் அவன் நாள்தோறும் கனாக் காண்கிறான். இந்தத் துன்பம் எப்படியாவது முடிந்துவிடாதா என்று ஒரு கணம் விரும்பிவிட்டான். தாயை நேசிக்கும் அதே நெஞ்சில் அவ்விருப்பமும் எழுந்தது. அதனால் தான் கொலையாளி என எண்ணித் தண்டனையைத் தேடி அலைகிறான். பூதம் அவனைத் தண்டிப்பதில்லை. அவ்வுண்மையை அவன் வாயால் சொல்லச் செய்து, சொன்னவனைத் தாங்கிக்கொள்கிறது. பின்னர் மருத்துவமனையில், மீண்டும் 12 மணி 7 நிமிடம் நெருங்கும் வேளையில், தாயை இறுகப் பற்றியவாறே அவளைப் போகவிட அவனால் முடிகிறது.

துக்க வீடுகளுக்குச் செல்லும் எவரும் இதனை அறிவர். பிள்ளைகளை அண்டை வீட்டிற்கு அனுப்பிவிட்டு, 'அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லி வைக்கிறோம். அவர்களைக் காப்பதாக நினைக்கிறோம். அவர்களோ, நான் கோபித்துக்கொண்டதால்தான் அம்மா இறந்தாளோ என்று யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். இப்புதினத்தில் தாய் கோனரிடம் 'சரியாகிவிடும்' என்றே கூறி வருகிறாள். உண்மையைக் கேட்கத் துணிந்தது பூதம் ஒன்றே.

மரம் சொல்லும் இரண்டாம் கதை குருக்களாகிய எங்களைச் சுடும். பச்சிலை வைத்தியர் ஒருவருக்கு எதிராக மறையுரை ஆற்றி, அவர் பிழைப்பைக் கெடுக்கிறார் ஒரு போதகர். தம் இரு புதல்வியரும் நோயுற்றதும் அதே வைத்தியரை நாடி, பிள்ளைகளைக் காப்பாற்றினால் தம் நம்பிக்கை அனைத்தையும் கைவிடுவதாகப் பேரம் பேசுகிறார். பிள்ளைகள் இறக்கின்றனர், மரம் எழுந்து போதகரின் இல்லத்தைத்தான் தகர்க்கிறது. இதனைச் சமய எதிர்ப்பு என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. வைத்தியர் கடுகடுப்பும் பேராசையும் உடையவர். ஆயினும் தாம் நம்பியதில் நின்றார். போதகரோ தம் நம்பிக்கையை விலைப்பொருள் ஆக்கினார். இக்கண்டனத்தை நாம் தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளலாம். அதைவிட வருத்துவது வேறொன்று. கோனரின் சாளரத்திலிருந்து பார்த்தால் கோயில் தெரிகிறது. ஆனால் அக்கோயிலிலிருந்து அவனைத் தேடி யாரும் வருவதில்லை. மரம்தான் வருகிறது.

நாம் கருத்து வேறுபடும் இடம்

இந்நூல்களை முற்றிலும் குறையற்றவை என்று கூறுவதற்கில்லை. லெ குவின் தாவோ நெறியில் ஈடுபாடு கொண்டவர். ஒளியும் இருளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்னும் பார்வை அவர் கதையில் ஊடுருவி நிற்கிறது. தீமைக்குத் தனக்கெனத் தனி இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவு என்பது புனித அகுஸ்தினார் நமக்கு விட்டுச்சென்ற படிப்பினை. நிழலை 'என்னுடையது' என ஏற்றுக்கொள்வதோடு கெட்டின் கதை நிறைவுறுகிறது. நமக்கோ அது பாதி வழி. ஏற்றுக்கொண்டதை ஒப்படைக்க ஒருவர் வேண்டும். அந்நூலில் பெண்களின் ஆற்றல் இழிவாகவே பேசப்படுவதும் குறைதான். 1990இல் எழுதிய 'தெஹானு'வில் ஆசிரியரே அவ்வுலகைப் பெண்களின் கண்கொண்டு மறுபடியும் நோக்கினார்.

இவ்வேறுபாடுகள் நூலை மூடி வைப்பதற்குக் காரணமாகா. பிள்ளைகளோடு உரையாடுவதற்குக் காரணமாகும். எனவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை படிக்கும் புதினத்தைப் பறிக்குமுன் நீங்களும் அதைப் படியுங்கள். கிளுகிளுப்பூட்டுவதற்காகவே குருதியையும் கொடுமையையும் அடுக்கும் நூல்கள் உண்டு. அவற்றை மறுக்க உங்களுக்கு உரிமையும் கடமையும் இருக்கின்றன. அண்மையில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளையிடம் கோனரின் கதையைக் கொடுத்துவிட்டு அகன்றுவிடாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும், 'பயமாக இருந்ததா?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'அந்தப் பூதத்திற்கு நீ என்ன பெயர் வைப்பாய்?' என்று கேளுங்கள். விடை உடனே வராது. வரும்போது அது உங்களுக்கு உவப்பாக இல்லாமலும் போகலாம். அப்போதும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.