மில்லர் நாடகம் ஒன்றில் கிரேக்கப் பாடற்குழு

ஆர்தர் மில்லர் இயற்றிய 'பாலத்திலிருந்து ஒரு பார்வை' என்னும் நாடகத்தைக் கிரேக்கத் துன்பியல் மரபோடு இணைத்துப் பேசுதல் திறனாய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. அங்ஙனம் பேசுவோர் முதற்கண் சுட்டுவது அல்பியெரி என்னும் வழக்கறிஞரையே. அவர் அவையோரை நோக்கி நேரே பேசுகின்றார், காட்சிகளை இணைக்கின்றார், இறுதியில் இரங்குகின்றார். ஆதலின் அவரே கோரஸ் எனப்படும் கிரேக்கப் பாடற்குழுவின் மறுவடிவம் என்று கூறி அமைவர். இக்கருத்து முழுதும் பொருந்துவதாக நமக்குத் தோன்றவில்லை. நாடகத்தில் பாடற்குழு உண்டு. ஆனால் அது வேறிடத்தில் இருக்கின்றது என்பதே நம் கருத்து.

கதையைச் சுருங்கக் கூறுவோம். நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் ரெட் ஹூக் என்னும் துறைமுகக் குடியிருப்பு. அங்குக் கப்பற்சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி எடி கார்போன். மனைவி பியாட்ரிஸின் உடன்பிறந்தாள் மகளாகிய கேத்தரினைத் தன் மகள்போல் வளர்த்து வருகின்றான். சிசிலியிலிருந்து உரிமைச் சீட்டின்றி வரும் மனைவியின் உறவினர் மார்க்கோ, ரொடால்போ என்னும் உடன்பிறந்தார் இருவர்க்கும் தன் வீட்டில் இடந்தருகின்றான். கேத்தரினும் இளையவன் ரொடால்போவும் காதல் கொள்கின்றனர். எடியின் நெஞ்சில் தானே அறியாத வேட்கை ஒன்று கேத்தரின்பால் உண்டு. அது பொறாமையாகி, விருந்தினராக வந்தோரைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அவனைத் தள்ளுகின்றது. ஊரறிய மார்க்கோ அவனைப் பழிக்கின்றான். இழந்த பெயரைத் திரும்பக் கேட்டு மார்க்கோவோடு பொருதும் எடி, தான் உருவிய கத்தியாலேயே மாய்கின்றான்.

அல்பியெரியின் முன்னுரையிலேயே பழமையின் நிழல் விழுகின்றது. சீசர் காலத்தில் சைரக்யூசிலோ கலாப்ரியாவிலோ தம்மைப் போன்ற வழக்கறிஞர் ஒருவர் இதே முறையீட்டைக் கேட்டு, தம்மைப் போலவே செயலற்று அமர்ந்திருக்கக்கூடும் என அவர் எண்ணுகின்றார். சைரக்யூஸ் கிரேக்கர் குடியேறிய நகரம்; ஈஸ்கிலஸ் தம் நாடகத்தை அங்கு அரங்கேற்றியவர்; கி.மு. 456இல் அவர் இறந்ததும் சிசிலித் தீவின் கெலா நகரிலேயே. ஆகவே சிசிலியரைக் கதைமாந்தராகக் கொண்டமை வெறும் தற்செயல் அன்று.

ஆயினும் அல்பியெரி பாடற்குழு ஆகார். காரணம் எளிது. முடிவை முதலிலேயே அறிந்தவர் அவர். நடந்து முடிந்த கதையைச் சொல்லுகின்றார். கிரேக்கப் பாடற்குழுவோ முடிவை அறியாதது. அஞ்சும், நம்பும், பல வேளைகளில் பிழைபடவும் நம்பும். சோபோகிளீஸின் 'ஈடிபஸ்' நாடகத்தில், உண்மை வெளிப்படுவதற்குச் சற்று முன்னர், மன்னன் மலைத்தெய்வம் ஒன்றன் மகனாக இருக்கலாம் என்று குழுவினர் களித்துப் பாடுவதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வறியாமையே அவர்களை நாடகத்துக்குள் நிறுத்துகின்றது. அல்பியெரியை ஒப்பிட வேண்டுமாயின் யூரிபிடீஸின் முன்னுரைத் தெய்வங்களோடு ஒப்பிடலாம். 'ஹிப்போலிட்டஸ்' தொடக்கத்தில் அஃப்ரோடைட் தோன்றி இன்னது நிகழும் என்று முன்னரே உரைத்துவிடுவாள். எடி தம் அலுவலகத்துக்கு வரும்பொழுது எச்சரித்தும் பயன்காணாத அல்பியெரி, டைரீசியஸ் என்னும் குருட்டு முனிவனையும் ஓரளவு ஒத்திருக்கின்றார். இவ்விரண்டும் கிரேக்கக் கூறுகளே; பாடற்குழு மட்டும் அன்று.

எனில் பாடற்குழு யாது? எடியின் அண்டை அயலார் என்போம். லூயிஸ், மைக் என்னும் தொழிலாளர், இறைச்சி வணிகன் லிப்பாரி, அவன் மனைவி, தெருவில் கூடும் பெயரற்ற மக்கள் ஆகியோரே அக்குழு. அவர்கள் பேசுவது மிகக் குறைவு. பாடுதலும் ஆடுதலும் இல்லை. ஆனால் குழுவையும் நடிகருள் ஒருவராகவே கொள்ளுதல் வேண்டும், அது முழுமையின் ஓர் உறுப்பாதல் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் விதித்ததை இவர்களே நிறைவேற்றுகின்றனர். முற்பகுதியில் லூயிசும் மைக்கும் ரொடால்போவைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு எடியின் ஐயத்துக்கு எண்ணெய் வார்க்கின்றது. பிற்பகுதியில் அவர்கள் செய்வது ஒன்றே ஒன்று: முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல். பிடிபட்டோருள் லிப்பாரியின் உறவினனும் ஒருவன். எடி பெயர் சொல்லி அழைக்கின்றான். லிப்பாரி மனைவியோடு அகல்கின்றான். லூயிசை அழைக்கின்றான், அவனும் போகின்றான். நூறு அடிகளில் பாடற்குழு பாடித் தீர்க்கக்கூடிய தீர்ப்பு இந்த வாய்பேசா விலகலில் அடங்கிவிடுகின்றது. நம் பாலைப் பாட்டுக்களில் வரும் கண்டோர் இரங்கிக் கூறிவிட்டு வழிச்செல்வர். இவர்கள் அங்ஙனம் அல்லர்; எடி வாழவேண்டிய உலகமே இவர்கள்தாம்.

இக்கருத்துக்கு நாடகத்தின் மேடை வரலாறே துணைநிற்கின்றது. 1955இல் நியூயார்க்கில் ஓரங்க நாடகமாக, பகுதி செய்யுள் நடையில், முதற்கண் நடிக்கப்பெற்றது. அதனை ஈரங்க உரைநடையாக மில்லர் விரித்தெழுத, 1956இல் இலண்டனில் பீட்டர் புரூக் இயக்கினார். நியூயார்க்கில் சுற்றத்தாராக நின்றோர் நால்வரே. இலண்டனிலோ இருபதுக்குக் குறையாதோர் மேடையைச் சூழ்ந்து நின்றனர். செலவுக் கணக்கே இம்மாற்றத்துக்கு வழிகோலிற்று என்பது ஒருபுறம் இருக்க, அச்சூழல் பெருகியபின் எடியின் செயல் வெறும் மனநோயாக அன்றி ஊர்நெறியை மீறிய குற்றமாகத் தெளிவுற்றது என்பதை மில்லரே உணர்ந்து எழுதியுள்ளார். செய்யுள் போயிற்று, ஓரங்கம் போயிற்று, புறத்தோற்றத்தில் கிரேக்கத் தன்மை குறைந்தது, அகத்தில் மிகுந்தது. காலவொருமை முதலியவற்றை இந்நாடகத்தில் தேடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். கதை பல கிழமைகளுக்கு நீள்கின்றது, கொலையும் மேடைமீதே நிகழ்கின்றது.

ஊர்நெறி என்றோம். அந்நெறியை முதலங்கத்திலேயே நமக்கு அறிவிப்பவன் எடியே. உறவினனைக் காட்டிக்கொடுத்த வின்னி பொல்சானோ என்னும் சிறுவனைத் தந்தையும் தமையன்மாரும் மாடிப்படிகளில் இழுத்துச்சென்று தெருவில் உமிழ்ந்த கதையை உணவு வேளையில் எடியும் பியாட்ரிசும் கேத்தரினுக்குச் சொல்லுகின்றனர். லையசைக் கொன்றவன்மேல் ஈடிபஸ் இட்ட சாபம் அவன்மீதே மீண்டாற்போல இக்கதையும் எடிமீது மீள்கின்றது. 'அந்திகொனி'யில் எழுதாச் சட்டத்துக்காக அரசின் ஆணையை மீறி ஒருத்தி மாய்கின்றாள். இங்கு அரசின் சட்டத்தைத் துணைக்கழைத்து எழுதாச் சட்டத்தை மீறியவன் மாய்கின்றான். சோபோகிளீஸைத் தலைகீழாக்கியமை மில்லரின் தனித்திறம்.

ஆனால் ஓரிடத்தில் இடர் ஏற்படுகின்றது. ஈடிபஸ் சாபமிட்டபொழுது அறியாதவன், முடிவில் அறிந்தவன். தலைகீழ் மாற்றமும் தன்னை அறிதலும் ஒருங்கே நிகழ்வதே சிறப்பென்று அரிஸ்டாட்டில் ஈடிபசையே எடுத்துக்காட்டினார். எடியோ காட்டிக்கொடுத்தலின் பழியை நன்கறிந்தே செய்கின்றான். அறியாதது தன் நெஞ்சை. இறுதிக் காட்சியில் பியாட்ரிஸ் அவ்வுண்மையை மறைவின்றிச் சொல்லிவிடுகின்றாள். அவன் திடுக்கிடுகின்றான், மறுக்கின்றான். அதற்குள் வெளியே மார்க்கோவின் குரல் கேட்கின்றது. அறிவு வாயில்வரை வந்து திருப்பப்பெறுகின்றது. இதனால் இது துன்பியலன்று, வெறும் துயரக்கதை என்பாரும் உளர்.

நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அறிதல் இந்நாடகத்தில் இல்லாமற் போகவில்லை. தலைவனிடமிருந்து பிறரிடம் பெயர்ந்துள்ளது. பியாட்ரிஸ் அறிகின்றாள், ஊர் தன் அளவில் அறிகின்றது, அவையோர் எல்லாரினும் முன்னரே அறிந்துவிடுகின்றனர். ஈரங்க வடிவில் எடி மனைவியின் கைகளில், அவள் பெயரைச் சொல்லியவாறே இறக்கின்றான். அதனை அறிவின் தொடக்கம் என்று கொள்ளலாமேயன்றி முழுமை என்று கொள்ளுதற்கில்லை. எதையும் பாதியோடு அமைத்துக்கொள்ளுதலே நலம் என்று நம்பும் அல்பியெரி, தம் இறுதி உரையில், தன்னை முற்றும் வெளிப்படுத்திக்கொண்டவன் என்பதற்காக எடியை நேசிப்பதாகக் கூறுகின்றார். கூறிவிட்டு அந்நேசத்தை எண்ணித் தாமே அஞ்சுகின்றார். முடிவை அறிந்தவராகவே இதுகாறும் பேசிவந்த அவர், அவ்வச்சத்தில் மட்டும் பாடற்குழுவின் குரலை அடைகின்றார்.