ஈரநீக்கியில் ஏன் தீ?

காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்து நீராகத் தொட்டியில் சேர்க்கும் கருவி தீப்பற்றுமா என்று வாசகர்கள் வியக்கலாம். ஆனால் 2013 செப்டம்பரில் அமெரிக்காவில் இத்தகைய ஈரநீக்கிகள் சுமார் 22 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. தயாரித்தது சீனாவின் கிரீ நிறுவனம். அந்நாட்டு வீடுகளின் நிலவறைகளில் இவை நாள்கணக்கில் ஓடும். அருகே ஆள் இருப்பதில்லை.

உள்ளே நடப்பது குளிர்பதனப் பெட்டியில் நடப்பதுதான். குளிர்ந்த சுருளில் நீராவி நீராகிறது; அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பம் சூடான சுருள் வழியே அறைக்கே திரும்புகிறது. நாளொன்றுக்கு 20 லிட்டர் நீர் சேர்ந்தால் இவ்வெப்பம் மட்டும் சராசரியாக 570 வாட். கருவி இழுக்கும் 500 வாட் மின்சாரமும் முடிவில் வெப்பமே. ஆக, ஒரு கிலோவாட்டுக்கு மேல் விசிறி வெளியே தள்ளியாக வேண்டும். விசிறி நின்றாலோ வடிகட்டியில் தூசி அடைத்தாலோ கம்ப்ரசரின் சுமை ஏறும்.

தளர்ந்த மின் இணைப்பு இன்னும் பொல்லாதது. அரை ஓம் தடையுள்ள இணைப்பில் 5 ஆம்பியர் பாய்ந்தால் 12.5 வாட். சிறிய பற்றவைப்புக் கோல் ஈயத்தை உருக்க இவ்வளவே போதும்! மின்னோட்டம் கூடவில்லை, ஆகவே ஃபியூஸும் உருகாது.

இதெல்லாம் எந்தக் கருவியிலும் நேரக்கூடியதே. அதனால்தான் மேலுறைப் பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றாததாக இருக்க வேண்டும் என்று தர விதி வைத்தார்கள். அந்தத் தரத்தை எட்டாத கருவிகள் யூஎல் முத்திரையுடன் விற்கப்பட்டன என்பதே நம் கண்டனத்துக்குரியது. முத்திரை பார்த்து வாங்குங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். முத்திரையே பொய்யானால் வாங்குபவர் பிளாஸ்டிக்கைக் கொளுத்தியா பார்ப்பார்?

குறையை அறிந்தும் பல மாதங்கள் அரசுக்குத் தெரிவிக்காததை ஒப்புக்கொண்டு, 2021இல் அந்நிறுவனம் 9 கோடியே 10 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. 2023 நவம்பரில் அதன் அமெரிக்கக் கிளையின் நிர்வாகிகள் இருவரை நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. தண்டனை சரியே. ஆயினும் 2011 முதல் 2014 வரை செய்யப்பட்ட மேலும் 15.6 லட்சம் கருவிகள் 2023 ஆகஸ்டில்தான் திரும்பப் பெறப்பட்டன. ஒன்பது ஆண்டு தாமதம்! அதற்குள் எத்தனை வீடுகள் கைமாறியிருக்கும், எத்தனை கருவிகள் பழைய சாமான் கடை வழியே வேறு நிலவறைகளுக்குப் போயிருக்கும்? மாதிரி எண்ணைப் படித்துப் பார்க்காத அந்தப் புதிய உரிமையாளருக்கு அறிவிப்பு எப்படிப் போய்ச் சேரும்?