நேர்கோட்டில் வராத ஈபி பில்

"லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் பைக், 200 கி.மீ. போக எத்தனை லிட்டர் வேண்டும்?" பத்தாவது படிக்கும் என் மகளின் பயிற்சித்தாளில் இந்த மாதிரி ஒரு பக்கம். தலைப்பு 'நிஜ வாழ்க்கைக் கணக்குகள்'. பெட்ரோலை எடுத்துவிட்டு மாம்பழத்தைப் போட்டாலும் ஒரு விடையும் மாறாது. என் புகாரே அதுதான்.

எரிபொருளுக்கென்று தனிக் குணம் இருக்கிறது. கார் மைலேஜ் 10லிருந்து 12 ஆகிறது, பைக் 40லிருந்து 60. ஆயிரம் கி.மீ.க்கு எதில் மிச்சம் அதிகம்? பைக் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். காரில் 16.7 லிட்டர், பைக்கில் 8.3 தான்! இந்த மயக்கத்தைப் பற்றி லாரிக், சோல் இருவரும் 2008ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். தலைகீழ்ச் சார்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா, தெரியவில்லை.

ஈபி பில் இன்னும் சுவாரசியம். 2022 செப்டம்பர் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய், 4.50 ஆகிவிட்டது, அதில் 225 போச்சு. மீதி 8 ரூபாய்தான் அந்த யூனிட்டுடையது. துண்டுதுண்டாக வரையறுத்த சார்பு தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கே வருவது வெறும் x. வரைபடம் ஏன் திடீரென்று எகிறுகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கப்போவதில்லை. பில்லைக் கொடுத்தால் கேட்கும்.

'எல்லாப் பிள்ளைகளையும் வீட்டு பில் கொண்டுவரச் சொன்னால் சங்கடம்' என்றார் ஆசிரிய நண்பர் ஒருவர். நியாயம்தான், சில வீட்டில் பில்லே இருக்காது. சப் மீட்டர் வைத்த வாடகை வீட்டில் ஓனர் சொல்வதுதான் விலை. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 யூனிட்டுக்கு 1600. தனி இணைப்பு இருக்கிற வீட்டில் அதே 200க்கு 2022 செப்டம்பர் கட்டணத்தில் 225. இலவச 100 யூனிட் அந்த வாடகைப் பிள்ளையின் வீடுவரை வரவே இல்லை. பயிற்சித்தாள் போட்ட நேர்கோடு சரியாகப் பொருந்துவது அந்த வீட்டுக்கு மட்டும்தான். வீட்டு பில் வேண்டாம், இந்த இரண்டு கோட்டையும் ஒரே வரைபடத்தாளில் வரையச் சொல்லலாமே என்றேன். "அதை வரைந்தால் வகுப்பில் கணக்கு மட்டும் பேச முடியாதே சார்" என்றார்.