தோழி ஏன் உடன் போகவில்லை?

ஏப்ரல் கடைசியில் கூரத்திலிருந்து அக்கா அழைத்தாள். அவள் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். கூடப் படித்த பெண்கள் பதினொரு பேர், டீச்சர்கள் இரண்டு பேர், ஒரு வேன், மூன்று நாள் பயணம். திருச்செந்தூர், மணப்பாடு, அப்புறம் தேரிக்காடு.

“மே மாசத்துல போயி மணல்காட்ட பாக்கப் போறாங்களாம். நீயே சொல்லு, அனுப்பலாமா வேணாமா?”

எங்கள் வீட்டில் நான்தான் ‘வெளியே போய்ப் பார்த்தவள்’. பொறியியல் படித்து, சென்னையில் மென்பொருள் வேலை செய்து, நாலு ஊர் தனியாகச் சுற்றியவள். இது மாதிரி விஷயங்களில் என் வாயிலிருந்து ‘அனுப்பு’ வந்துவிட்டால் அம்மாவை அடக்கிவிடலாம் என்பது அக்காவின் கணக்கு. ஆனால் நான் கேட்டது இது: “நைட்டு எங்க தங்குறாங்க? ஜென்ட்ஸ் யாராவது கூட வராங்களா?”

போனை வைத்த பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி என் காதிலேயே விழுந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது பையன்களை இரண்டு நாள் டூர் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களை மகாபலிபுரம் கூட்டிப்போய் இருட்டுவதற்கு முன்னால் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ‘பொம்பளப் புள்ளைங்கள ராத்திரி தங்க வைக்க முடியாது’ என்று சொன்ன சாரை அன்றைக்கு எவ்வளவு திட்டியிருப்பேன். இப்போது அதே குரலில் நான் பேசியிருக்கிறேன்.

அதே வாரம் அலுவலக அழைப்பு ஒன்றில், வேலை ஆரம்பிக்கும் முன் பேசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவிலிருக்கும் சக ஊழியர் ஒருவர் தன் பதினாறு வயது மகளைப் பற்றிச் சொன்னார். ஆசாரமான யூதக் குடும்பம். மகள் பெண்பிள்ளைகள் மட்டும் உள்ள ஒரு குழுவுடன் கோடை விடுமுறைக்கு இஸ்ரேல் போகிறாள். யூதேயப் பாலைவனம், நெகேவ். விடிவதற்கு முன்னால் மசாடா மலைக்கோட்டைக்கு ‘பாம்புப் பாதை’ வழியாக நடந்தே ஏறுவார்கள். வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்துவிட்டால் சனி இரவுவரை வண்டி நகராது. ஓய்வுநாளில் பயணம் கூடாது என்பது சட்டம், எங்கே இருக்கிறார்களோ அங்கேயே தங்க வேண்டும். “பயமா இல்லையா?” என்று கேட்டேன். “தண்ணீர்தான். அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள்” என்றார்.

இதைச் சொல்லி அவர்கள் உலகம் சுதந்திரமானது என்று காட்ட வரவில்லை. பெண்களை மட்டும் தனிக் குழுவாக அனுப்புவதற்குக் காரணமே ஆண் பெண் கலக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுதான். வெயிலிலும் நீளப் பாவாடை, நீளக் கை. ஆசாரமான வீட்டுப் பெண்களுக்கென்று முறையான சமயக் கல்வியே 1917இல்தான் தொடங்குகிறது, கிராகோவ் நகரத்துத் தையல்காரப் பெண் சாரா ஷெனிரர் ஒரு பள்ளி ஆரம்பித்த பிறகு. அந்தத் தடுப்புகள் எல்லாம் இருக்கட்டும். ஆனால் அவர்கள் கற்பனையில், பெண்கள் கூட்டமாகப் பாலைவனத்தைக் கடக்கும் ஒரு படம் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அப்படி ஒரு படம் இல்லை. பாலைக்கு ஒரு திணையையே ஒதுக்கிய மொழியில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு, அந்த வாரம் பழைய புத்தகங்களைத் திரும்ப எடுத்தேன்.

*

தமிழில் பாலை என்பதே கோடைதான். தொல்காப்பியம் அதற்குத் தரும் முதன்மையான பொழுது வேனிலும் நண்பகலும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெடும்போது பாலையாகின்றன என்கிறது சிலப்பதிகாரம். அதாவது நமக்குப் பாலை ஓர் இடம் என்பதைவிட ஒரு பருவம், ஒரு நிலைமை.

நாம் அதிகம் பாடியதும் அதைத்தான். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய நூறு பாடல்கள் பாலை. கலித்தொகையில் பாலைக்கலி, பெருங்கடுங்கோ பாடியது. இவற்றுள் பெரும்பகுதியில் பாலைக்குள் நடப்பவன் ஆண். பெண் வீட்டிலிருந்து நாள் எண்ணுகிறாள். பெண் நடக்கும் ஒரே துறை உடன்போக்கு. காதலனோடு, பெற்றோருக்குத் தெரியாமல், இரவில்.

உடன்போக்குப் பாடல்களை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்த முறை நான் தேடியது தலைவியை அல்ல, தோழியை. களவு முழுக்கத் தலைவியின் மூளையாக இருப்பவள் அவள். தலைவனிடம் பேரம் பேசுகிறாள், குறியிடம் சொல்கிறாள், தாயிடம் பொய் சொல்கிறாள், உடன்போக்கை ஏற்பாடு செய்வதும் அவள்தான். நற்றிணையின் 10ஆம் பாடலில் தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும்போது, இவள் இளமை தீர்ந்து முதுமை வந்தாலும் கைவிடாதே என்று கேட்டுக்கொள்கிறாள். பாடல் அங்கே முடிகிறது. தலைவி இருட்டுக்குள் போகிறாள். தோழி ஊர் எல்லையில் நிற்கிறாள். காலையில் செவிலியின் முகத்தைப் பார்க்க வேண்டியவளும் அவள்தான்.

அவள் ஏன் கூடப் போகவில்லை என்று எந்தப் பாடலும் கேட்பதில்லை. கேட்க முடியாது என்பதுதான் சரி. அகத்திணை இருவரின் கதை. மூன்றாவது ஆள் பாலைக்குள் காலடி வைத்தால் அதன் இலக்கணம் உடைந்துவிடும். தோழி என்ற பாத்திரமே தலைவி போய்ச் சேர்வதற்கான படி. இது கவிஞர்களின் குற்றம் இல்லை, துறையின் எல்லை. ஆனால் ஒரு மொழி தன் பாலையை ஏறக்குறைய முழுக்க அந்தத் துறைக்கே கொடுத்துவிட்டால், பிற்காலத்தில் ஒரு சித்தி போனை எடுத்ததும் முதலில் ‘ஜென்ட்ஸ் யாராவது வராங்களா’ என்று கேட்பதில் என்ன ஆச்சரியம்?

பாலைக்கலியில் ஒரு செவிலி மகளைத் தேடிச் சுரத்துக்குள் போகிறாள். எதிரே குடை பிடித்து வரும் அந்தணர்களிடம் கேட்கிறாள். அவர்கள் சொல்லும் சமாதானம் புகழ்பெற்றது: சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்குப் பயனில்லை, முத்து கடலுக்குப் பயனில்லை, இசை யாழுக்குப் பயனில்லை, உங்கள் மகளும் அப்படித்தான். கல்லூரியில் இதைப் படித்து உருகியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. சந்தனம், முத்து, இசை மூன்றும் இன்னொருவர் அனுபவிப்பதற்கானவை. போன பெண் பாலையில் என்ன பார்த்தாள் என்று செவிலியும் கேட்கவில்லை, அந்தணரும் சொல்லவில்லை. ஐங்குறுநூற்றுப் பாலையின் கடைசிப் பத்துக்கு ‘மறுதரவுப் பத்து’ என்று பெயர். போனவள் திரும்பி வருவது பற்றியது. அங்கும் அவள் ஒருவனுடைய மனைவியாகவே வருகிறாள்.

*

சிலப்பதிகாரத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. புகாரிலிருந்து மதுரைக்கு மூன்று பேர் நடக்கிறார்கள்; கவுந்தியடிகள் என்ற சமணத் துறவி கூட வருகிறாள். திருமணத்தின்போது கண்ணகிக்கு வயது 12. சில ஆண்டுகள் கழித்து நடந்தாலும் அவள் இன்னும் சிறுபெண்தான். புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்பதைக் கோவலன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். வேனில் டூர் வேனில் ஏறி உட்கார்ந்ததும் ‘எப்ப வரும்’ என்று கேட்கும் பிள்ளையின் குரல் அது. தமிழ்க் காப்பியத்தில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று.

பிறகு வேட்டுவ வரி. பாலை நிலத்து ஐயை கோயில். எயினர் குலத்துச் சிறுபெண் ஒருத்திக்குக் கொற்றவை வேடம் போட்டுக் கலைமான் மேல் ஏற்றி வருகிறார்கள். சாமியாடும் சாலினி, ஓரமாய் உட்கார்ந்திருக்கும் கண்ணகியைப் பார்த்து, தமிழகத்துக்கே தவக்கொழுந்து என்று புகழ்கிறாள். கண்ணகி கூச்சத்தில் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இரண்டு இளம்பெண்கள் ஒரே வெயிலில் இருக்கிறார்கள். ஒருத்தி தெய்வ வேடத்தில், ஒருத்தி புருஷனுக்குப் பின்னால். இளங்கோ அவர்களை ஒரு வார்த்தை பேசவிட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. விடவில்லை.

யோசித்துப் பார்த்தால், காட்டையும் சுரத்தையும் கடக்க நம் மரபு அனுமதித்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம். கணவனோடு போகும் மனைவி. கவுந்தி போன்ற துறவி. இளமையை வேண்டாம் என்று கிழவி ஆனதாகச் சொல்லப்படும் ஔவை. உடலை உதறிப் பேயுருவம் பெற்ற பிறகே தலையால் கயிலைக்கு நடந்த காரைக்காலம்மை. இந்தப் பட்டியலில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இடம் இல்லை.

*

எங்கள் ஊருக்கும் ஒரு பயணக் கதை உண்டு. கூரத்தை வரலாற்றுக்காரர்கள் அறிவது முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேட்டால். மற்றவர்கள் அறிவது ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வானால். பெரும் செல்வர். எல்லாவற்றையும் துறந்துவிட்டு மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்கு நடக்கிறார். வழியில் காடு. அம்மையார், இங்கே பயம் உண்டா என்று கேட்கிறார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், ஏதாவது வைத்திருக்கிறாயா என்கிறார் ஆழ்வான். நீங்கள் அமுது செய்ய ஒரு பொன் வட்டில் மட்டும் எடுத்து வந்தேன் என்கிறாள். அவர் அதை வாங்கித் தூர எறிகிறார்.

சின்ன வயதில் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். கேட்டதெல்லாம் ஆழ்வானின் வைராக்கியத்துக்காக. அதைக் குறைத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நெடுவழி போகும்போது சாப்பிட, தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம் வேண்டும் என்று யோசித்த ஒரே ஆள் அந்த அம்மாள்தான். அது பொன்னாக இருந்தது பிரச்சினை என்றால், வெண்கலத்தில் ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நம் கதைகளில் பெண்ணின் பயம் பற்றாக மாற்றி வாசிக்கப்படுகிறது. இருட்டில் நடக்கும் பெண்ணுக்கு மடியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பயம் இருக்கும் என்பது கதை சொன்னவருக்குத் தெரியவில்லை.

*

யூதர்களின் மூலக்கதையில் பாலைவனம் பிரிவின் இடம் அல்ல. ஓடிவந்த அடிமைகள் நாற்பது ஆண்டு நடந்து ஒரு மக்களாக ஆன இடம். சட்டம் பெற்றதும் அங்கேதான். ஆண்டுதோறும் கூடாரப் பண்டிகையில் ஏழு நாள் தற்காலிகக் குடிலில் அமர்ந்து அதை நினைவுகூர்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மிரியாம் இருக்கிறாள். யாத்திராகமத்தில் கடலைக் கடந்ததும் அவள் தம்புரு எடுக்கிறாள், பெண்கள் எல்லாரும் தம்புருகளோடு நடனமாடி அவள் பின்னால் போகிறார்கள். கூட்டமாகப் பெண்கள், பாலைவனத்தின் வாசலில்.

இதையும் பூசி மெழுக வேண்டாம். எண்ணாகமத்தில் மோசேக்கு எதிராகப் பேசியவர்கள் மிரியாம், ஆரோன் இருவரும். தொழுநோய் வருவது மிரியாமுக்கு மட்டும். ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தள்ளிவைக்கிறார்கள். ஆனால் அடுத்து வரும் செய்தியில் நின்றுவிட்டேன். அவள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும்வரை மக்கள் யாரும் பயணப்படவில்லை. தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காக மொத்தக் கூட்டமும் பாலைவனத்தில் காத்திருந்தது. பிறகு காதேசில் அவள் இறக்கிறாள். உடனே அடுத்த வசனத்தில் தண்ணீர் இல்லை. அவள் பொருட்டுத்தான் ஒரு கிணறு அவர்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது என்று இந்த இடைவெளியை ரபிகள் விளக்கினார்கள். என் சக ஊழியர் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது இதை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

நம்மிடம் காத்திருக்கும் கூட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. திருப்பாவையின் 30 பாடல்களில் 6 முதல் 15 வரை பத்துப் பாடல்கள் தூங்குகிறவர்களை எழுப்புவதற்கே செலவாகின்றன. கேலி செய்கிறார்கள், கோபிக்கிறார்கள், வாசலிலேயே நிற்கிறார்கள்; ஆனால் ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போவதில்லை. தலைவிக்காக எல்லையில் நின்றுவிட்ட சங்கத் தோழி, இங்கே பத்துப் பேராகக் கூடவே நடக்கிறாள். அது மார்கழி விடியல், பாலையின் உச்சிவெயிலுக்கு நேர் எதிர்ப் பொழுது. அவர்கள் போகும் தூரமும் ஆயர்பாடிக்குள்தான். ஆனாலும் தோழிகள் சேர்ந்து போகும் பயணத்துக்கு நம் மொழியில் ஒரு தொடக்கம் உண்டென்றால் அது ஆண்டாள்தான். அந்தக் கூட்டத்தை வெயிலுக்குள், மணலுக்குள் கூட்டிப்போகும் அடுத்த நூலுக்காகத்தான் ஒரு வாசகியாகக் காத்திருக்கிறேன்.

*

தேரிக்காடு தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் மேடுகள். பனை, முந்திரி, உடைமரம். நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் ஒரு சுனையும் உண்டு. அங்கே சொல்லப்படும் கதை ஒன்றில், அரசனின் மாமரத்துக் கனி தண்ணீர் எடுக்கப் போன பெண்ணின் குடத்தில் அவளறியாமல் விழுந்துவிடுகிறது. திருட்டுப் பழி சுமத்தி அவளைக் கொல்கிறார்கள். அவள் சாபத்தில் ஊர் மணல்காடாகிறது. தண்ணீருக்குத் தனியாகப் போன ஒரு பெண்ணால் உண்டான பாலை. சாட்சி சொல்லக் கூட ஒரு தோழி அங்கே இல்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவுக்குப் போன் செய்து, அனுப்பு என்றேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று அக்கா மகள் வீடியோ அழைப்பில் பையைக் காட்டினாள். இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், நிரப்பி வைத்திருந்தாள்.

“ரொம்ப வெயிட்டா இருக்கு சித்தி.”

“இருக்கட்டும்டி. தூக்கிட்டுப் போ.”

மூன்றாம் நாள் இரவு திரும்பி வந்ததும் அவளே அழைத்தாள். நான் அவளிடம் எத்தனை மணிக்கு வந்தாய், எங்கே தங்கினாய் என்று எதையும் கேட்கவில்லை. என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினாள். வேனில் வாந்தி எடுத்த ஒரு பெண்ணுக்காக எல்லோரும் ஒரு பனைமரத்தடியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததைத்தான் அதில் அதிக நேரம் சொன்னாள்.